எல்லை ஏரிகளில் சமவுயரக் கோடுகள் பொருந்தவில்லை: வழிகாட்டுதல் தேவை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் மினசோட்டாவில் உள்ள பவுண்டரி வாட்டர்ஸ் வனப்பகுதியையும், அதற்கு வடக்கே கனடாவின் ஒன்டாரியோவில் உள்ள குவெட்டிகோ பூங்காவையும் சமவுயரக் கோடுகள் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) கொண்ட ஒரே இடவிளக்க வரைபடமாக இணைக்கும் பணியில் சில மாதங்களாக ஈடுபட்டுள்ளேன். பனியாறுகள் தொல்பாறையைச் சுரண்டிய பள்ளங்களில் நீர் தேங்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகள் உருவான நிலம் அது. துடுப்புப் படகைத் தோளில் சுமந்தே ஓர் ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு நடக்க வேண்டும் என்பதால், அங்கே சிறு மேடுகூடப் பயணிகளுக்கு முக்கியம்.

நைஃப், சாகனாகா போன்ற ஏரிகளின் ஊடாக நாட்டு எல்லை செல்கிறது; என் சிக்கலும் அங்கேதான். அமெரிக்க வரைபடத் தாள்கள் 1:24,000 அளவிலும் அடிக்கணக்கிலும், கனடாவின் தாள்கள் 1:50,000 அளவிலும் மீட்டர் கணக்கிலும் உள்ளன. அடிகளை மீட்டராக மாற்றிய பிறகும், ஒரே ஏரியின் நீர்மட்டம் இரு கரைகளிலும் வேறுபடுகிறது. அமெரிக்கத் தரவுகள் 1929 அல்லது 1988ஆம் ஆண்டின் உயர ஆதாரத்தையும் (உயரங்களை அளக்கத் தொடங்கும் அடிப்படை மட்டம்), கனடாவின் தரவுகள் 1928 அல்லது 2013ஆம் ஆண்டின் ஆதாரத்தையும் சார்ந்திருப்பது ஒரு காரணம் எனக் கருதுகிறேன். அளவீடு நடந்த ஆண்டுகளில் நீர்மட்டமே மாறியிருக்கவும் கூடும்.

கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருளில் இந்த உயர ஆதாரங்களை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிய அனுபவம் உள்ளவர்கள், எந்தத் திருத்தக் கோப்புகளைப் பயன்படுத்தினீர்கள் என்று தெரிவிக்க வேண்டுகிறேன். லைடார் (லேசர் ஒளியால் உயரம் அளக்கும் முறை) தரவிலிருந்து எடுத்த ஏரிமட்டத்தை நிலையாகக் கொண்டு கனடாக் கரையின் கோடுகளை நகர்த்துவது முறையாகுமா என்பதையும் கூறுங்கள். மாதிரிக் கோப்புகளைப் பகிர ஆயத்தமாக இருக்கிறேன்.