முன் சஸ்பென்ஷனுக்குச் சாமான் தெரிவு செய்தல்: திருகோணமலை பழைய கார்க்காரரின் அனுபவங்கள்

உவர்மலையிலிருந்து, மொறிஸ் மைனர் 1000 வைத்திருப்பவர்:

மைனரின் முன் சஸ்பென்ஷனைப் பிரித்துப் பூட்டவேண்டிய நிலை வந்தவுடன் பலரும் முதலில் விசாரிப்பது, முழு செற் எங்கே கிடைக்கும், என்ன விலை என்பதைத்தான். எல்லாவற்றையும் ஒரே பெட்டியாக வாங்கிவிடுவது இந்தக் காருக்கு நல்ல தெரிவு ஆகாது என்பது என் உறுதியான கருத்து. சில பாகங்களுக்குக் கையிலுள்ள பணம் முழுவதையும் கொடுக்கலாம். சிலவற்றைப் பழையதாகவே வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. இன்னும் சிலவற்றை நம்முடைய வெயிலையும் உப்புக்காற்றையும் மனத்தில் வைத்து எடுக்கவேண்டும்.

அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த இந்தக் காரின் முன்பக்கத்தில் சுருள் வில் கிடையாது. சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரோடு இணைக்கும் கீழ்க்கையிலிருந்து பின்னோக்கிச் செல்லும் டோர்ஷன் பார் என்ற முறுக்குத் தண்டே வில்லின் வேலையைச் செய்கிறது. மேற்கை என்று தனியாக ஒன்றும் இல்லை. குலுக்கலைத் தணிக்கும் ஷொக் அப்சோபரின் கையே மேற்கையாக இருக்கிறது. இரண்டு கைகளுக்கும் நடுவில், கராஜ்களில் நாம் கிங்பின் என்று சொல்லும் தண்டு நிற்கிறது. அதன் இரு முனைகளிலும் திருகாணியில் இருப்பதுபோலப் புரி வெட்டப்பட்டு, மேலும் கீழும் ட்ரனியன் எனப்படும், உள்ளே புரியுள்ள இணைப்புத் துண்டு ஒவ்வொன்று அந்தப் புரியில் ஏறியிருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இந்தப் புரிகளில்தான் சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறது. காரின் அந்த மூலையின் பாரம் முழுவதும் கீழ் ட்ரனியனின் புரியில் இறங்குகிறது. அந்தப் பாரம் ட்ரனியனைக் கிங்பின்னிலிருந்து கீழே உருவி எடுக்கவே எப்போதும் முயன்றுகொண்டிருக்கிறது. ஆகவே கிறீஸ் காணாத புரி தேய்ந்து முடிந்தால், அதைத் தாங்கிப் பிடிக்க வேறெதுவும் கிடையாது.

அயலவர் ஒருவரின் மைனரில் இது நிகழ்ந்ததை அருகிலிருந்து பார்த்தேன். அனுராதபுரச் சந்திக்கு அருகே, நடை வேகத்தில், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்து ஒழுங்கைக்குள் திருப்பும்போது வலது சக்கரம் மட்காட்டுக்குள் மடிந்தது. கந்தளாய்ப் பக்கம் வேகமாகப் போகும்போது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கழற்றிப் பார்த்தபோது கிங்பின்னின் கீழ் முனை ஏறக்குறைய வழுவழுப்பாக இருந்தது; உரிந்த புரி இடியப்ப நூல்போலச் சுருள் சுருளாகக் கையில் வந்தது. ட்ரனியனுக்குக் கிறீஸ் ஏற்றும் வாயான கிறீஸ் நிப்பிள் மீது வர்ணம் பூசப்பட்டிருந்தது. காரை அவருக்கு விற்பதற்கு முன்னர் யாரோ அழகுபடுத்தியபோது நிப்பிளையும் சேர்த்து மூடியிருக்கிறார்கள்.

சாமான் வாங்குவதற்கு முன்னர் எது தேய்ந்திருக்கிறது என்பதை உறுதிசெய்ய வேண்டும். சக்கரத்தை ஜாக்கில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த முறை. ஆனால் அந்த ஆட்டம் வீல் பெயரிங்கில் இருக்கிறதா, ட்ரனியனில் இருக்கிறதா என்பது அதில் தெரியாது. ஒருவரைக் காருக்குள் இருத்திப் பிறேக்கை இறுக்கி மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டினால், பெயரிங்கின் ஆட்டம் மறைந்துவிடும். அதன் பிறகும் எஞ்சியிருப்பது ட்ரனியனோ, இணைப்புகளுக்குள் இருக்கும் குழாய் வடிவ உறையான புஷ்ஷோ தருகின்ற ஆட்டம். அடுத்ததாக ஒரு இரும்புக் கம்பியை டயருக்குக் கீழே கொடுத்து நெம்பிக்கொண்டு, கீழ் ட்ரனியனுக்கும் கிங்பின்னுக்கும் இடையில் விரலை வைத்துப் பார்க்கவேண்டும். மேலும் கீழுமாக அசைவது விரலுக்குத் தெரிந்தால், மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு அந்தப் பக்கத்துப் புரிகளுக்கே முதலில் செலவு செய்யவேண்டும்.

கிங்பின்னையும் ட்ரனியனையும் சோடியாகவே வாங்குங்கள். தேய்ந்த கிங்பின்னில் புதிய ட்ரனியனை ஏற்றினால், புதிய புரியும் விரைவில் பழையதன் அளவுக்குத் தேய்ந்துவிடும். இடப்பக்கப் புரியும் வலப்பக்கப் புரியும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டவை என்பதால், பக்கத்தைச் சொல்லாமல் கடையில் கேட்கவே கூடாது. கொழும்பில் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் வாங்கினாலும் இங்கிலாந்திலிருந்து தபாலில் வரவழைத்தாலும், சாமான் கைக்கு வந்ததும் அதன் மீதுள்ள எண்ணெய்ப் பசையை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கிறீஸ் எதுவும் இடாமல் விரலால் திருகிப் பார்க்கவேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே சீராக ஏறவேண்டும். ஓரிடத்தில் இறுகி இன்னோரிடத்தில் தளர்ந்தால் புரி சரியாக வெட்டப்படவில்லை. பாதித் தூரம் ஏறியதும் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். புதிய சாமானிலேயே ஆட்டம் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். "கிறீஸ் அடித்தால் சரியாகிவிடும்" என்று ஒரு கடையில் எனக்குச் சொன்னார்கள். கிறீஸ் தேய்மானத்தைத் தடுக்கும். இல்லாத உலோகத்தை அது நிரப்பாது. நான் வாங்காமல் வந்துவிட்டேன்.

டோர்ஷன் பாரைப் பொறுத்தவரை என் ஆலோசனை நேர்மாறானது. அது முறியாமலும் ஆழமாகக் கறள் தின்னாமலும் இருந்தால் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இடது தண்டை வலது பக்கம் மாற்றிப் பூட்டக்கூடாது. ஆண்டுக்கணக்கில் ஒரே திசையில் முறுக்கேறிப் பழகிய உருக்கை எதிர்த்திசையில் முறுக்கினால் அது முறியக்கூடும். கழற்றுவதற்கு முன்னரே ஒவ்வொன்றிலும் அடையாளம் இட்டுவிடுங்கள். கழற்றும்போது பைப் ரெஞ்சால் பிடிக்கவும் வேண்டாம், உளியால் தட்டவும் வேண்டாம். மேற்பரப்பில் விழும் ஒரு சிறு கீறலிலிருந்துதான் வெடிப்பு தொடங்குகிறது. கடலோரத்தில் ஓடும் கார் என்றால், துடைத்து வர்ணம் பூசிய பிறகே பூட்டவேண்டும்.

இறப்பரா, பொலியூரித்தேனா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தார் வீதியிலிருந்து எழும் வெக்கையில் மலிவான இறப்பர் புஷ் சீக்கிரமே வெடித்துவிடுகிறது. கீழ்க்கையின் உட்பக்கத்திலுள்ள, வளையத் தலை கொண்ட ஐபோல்ட்டுக்கு நான் பொலியூரித்தேனையே தெரிவு செய்தேன். அங்கே புஷ் நசிந்தால் சக்கரத்தின் சாய்வே மாறிவிடுகிறது. கடினமான பொருள் அந்த இடத்தை அசையாமல் பிடிக்கிறது. கீழ்க்கையிலிருந்து முன்னோக்கிக் காரின் சட்டகத்துக்குப் போகும் டை ராட் என்ற கம்பிக்கு மட்டும் நல்ல தரமான இறப்பரையே போட்டிருக்கிறேன். கீழ்க்கை ஏறி இறங்கும்போது அந்த ராட் ஒவ்வொரு தடவையும் கோணம் மாறவேண்டியிருப்பதால், விட்டுக்கொடுக்காத புஷ் அங்கே போனால் அந்த இழுவை ராட்டின் மீதும் அதன் பிடிப்பின் மீதும் விழும்.

ஷொக் அப்சோபரைக் கழற்றி, கையால் மேலும் கீழும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். எந்தத் திசையில் அசைத்தாலும் இடையில் விட்டுப்போகாத சீரான தடை இருக்கவேண்டும். நடுவில் வெறுமையாக ஓடினால் எண்ணெய் குறைவு. எண்ணெய் நிரப்பியும் மாறவில்லையானால் உள்ளே வால்வு பழுது. ஆனால் அச்சுத் தண்டு பக்கவாட்டில் ஆடினால் எண்ணெயால் எதுவும் ஆகாது. அதன் கையே மேற்கை என்பதால், அந்த ஆட்டம் நேராகச் சக்கரத்துக்குப் போகிறது. அப்படிப்பட்டதைச் சீர்செய்தவரிடமே மாற்றிக்கொள்ளவேண்டும். பிறேக் எண்ணெயை ஒருபோதும் அதற்குள் ஊற்றாதீர்கள்.

நிலாவெளியிலிருந்து, ட்ரயம்ப் ஹெரால்ட் வைத்திருப்பவர்:

அண்ணா, உங்கள் பதிவை வாசித்துவிட்டு ஹெரால்ட்காரர்கள் யாரும் கிறீஸ் துப்பாக்கியை எடுத்துவிடக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் காரிலும் கீழே ட்ரனியன் இருக்கிறது, அதிலும் புரிதான் பாரத்தைத் தாங்குகிறது. ஆனால் அது வெண்கலம், அதற்குள் ஏறுவது உருக்குத் தண்டு. அதற்குக் கம்பனி சொன்னது கிறீஸ் இல்லை, ஈபி 90 கியர் எண்ணெய். அப்பா வைத்திருந்த காலத்தில் ஒரு கராஜில் ஒவ்வொரு சேவிஸிலும் கிறீஸே அடித்திருக்கிறார்கள். நான் பிரித்தபோது கிறீஸ் காய்ந்து கட்டியாகி, புரியின் அடிவரை போகவே இல்லை. அதற்குக் கீழே மாரி வெள்ளத்தின் நீர் தங்கியிருந்து, உருக்குத் தண்டின் புரி கறள் பிடித்துக் குழி குழியாக இருந்தது. வெண்கலம் வெளியே மினுக்கமாகத்தான் தெரிந்தது. பெரும்பாலும் ட்ரனியனை மட்டும் புதிதாக வாங்கிப் போட்டுவிட்டு மனநிறைவு அடைகிறார்கள். ஆனால் முறிவது அந்த உருக்குத் தண்டு. கறள் குழி கண்ணுக்குத் தெரிந்தால் தண்டையும் மாற்றவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். புதிய ட்ரனியனைத் தண்டில் முட்டும்வரை இறுக்கி அப்படியே விடக்கூடாது. முட்டியதும் சற்றுத் திருப்பித் தளர்த்தி, ஸ்டியரிங் இரு பக்கமும் முழுவதும் ஒடிகிறதா என்று பார்த்த பிறகே மற்றதைப் பூட்டவேண்டும். வெள்ளத்தில் ஓடிய பிறகு, பழைய எண்ணெயும் நீரும் வெளியேறிப் புதிய எண்ணெய் தலைகாட்டும்வரை நான் ஏற்றிவிடுவேன்.

அனுராதபுரச் சந்தியிலிருந்து, லேத் வேலை செய்பவர்:

ஐயா, தேய்ந்த ட்ரனியனைக் கொண்டுவந்து, வெல்டிங்கால் நிரப்பி மறுபடியும் புரி வெட்டித் தரச்சொல்லிப் பலர் கேட்கிறார்கள். நான் செய்வதில்லை. வெல்டிங்கின் சூட்டில் உலோகத்தின் வலிமை எங்கே எவ்வளவு மாறியது என்பதை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு மூலையின் பாரம் முழுவதும் தொங்கும் இடத்தில் அந்த ஐயத்தை வைத்துக்கொண்டு காரை வெளியே அனுப்ப எனக்கு மனம் வராது. கீழ்க்கைகளுக்கும் இதே பதில்தான். புஷ் கழற்றவும் ஏற்றவும் அளவான குழாய்த் துண்டுகள் கடைந்து தருவேன். மைனரின் ஷொக் அப்சோபரைக் கொண்டுவந்தவர்களுக்கு அதன் அச்சுத் தண்டின் புஷ்ஷையும் கடைந்து போட்டிருக்கிறேன், அது நன்றாக ஓடுகிறது.

போல்ட், நட் விடயத்திலும் கவனம் தேவை. இந்தக் கார்களின் போல்ட்டுகள் அங்குல அளவு. ஜப்பான் காரின் மில்லிமீட்டர் நட்டை ஸ்பானரால் நெருக்கி ஏற்றிய போல்ட்டுகள் என்னிடம் நிறைய வருகின்றன. இறுகியதுபோலத் தெரியும், ஆனால் இரண்டு புரிகளும் ஒன்றையொன்று வெட்டியிருக்கும். நட் கழலாமல் குறுக்கே போட்டு வளைக்கும் கொட்டர்பின்னைக் கழற்றிய பிறகு நிமிர்த்தித் திரும்பப் போடவும் வேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து, மைனர் வாங்கியிருக்கும் ஒருவர்:

அண்ணர், கையிலுள்ள பணத்துக்கு ஒரு பக்கத்துச் சாமான்தான் வாங்க முடியும். ஒரு பக்கத்தை மட்டும் செய்தால் பிழையா?

உவர்மலையிலிருந்து:

தம்பி, கிங்பின்னும் ட்ரனியனும் என்றால், தேய்ந்த பக்கத்தை மட்டும் மாற்றுவதில் பிழை இல்லை. மற்றப் பக்கம் மேலே சொன்ன சோதனையில் தேறினால், அதன் நிப்பிளைத் துப்புரவு செய்து, சக்கரம் நிலத்தில் படாதபடி ஜாக்கில் தூக்கிவைத்துக் கிறீஸ் அடியுங்கள். பாரம் இறங்கியிருக்கும்போது அடித்தால், பாரம் அழுத்துகின்ற புரியின் முகத்துக்குக் கிறீஸ் போய்ச்சேராது. அடித்துக்கொண்டே ஸ்டியரிங்கை இரு பக்கமும் ஒடிக்கச் சொல்லுங்கள். புதிய கிறீஸ் ஓரத்தில் வெளிவரும்வரை நிறுத்த வேண்டாம். கிறீஸ் உள்ளே போகாவிட்டால் நிப்பிளைக் கழற்றிப் புதிது போடுங்கள், அது பெரிய செலவில்லை.

புஷ்களையும் ஷொக் அப்சோபர்களையும் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஒரு பக்கம் இறுகியும் மறுபக்கம் தளர்ந்தும் இருந்தால் பிறேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கமாக இழுக்கும். பணம் சேரும்வரை பழைய புஷ்ஷோடே மெதுவாக ஓடலாம். தேய்ந்த புரியோடு கிண்ணியாப் பாலத்தைத் தாண்டிக்கூடக் காரைக் கொண்டுவர வேண்டாம், தூக்கி ஏற்றிக்கொண்டு வாருங்கள். இறப்பர் புஷ் போடும்போது அதன் நட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுவதும் இறுக்கிவிடாமல், காரை நிலத்தில் இறக்கி, முன்பக்கத்தை அழுத்தி விட்டுவிட்டு, அது தன் இயல்பான உயரத்தில் நின்ற பிறகு இறுக்குங்கள். எல்லாம் முடிந்து கொஞ்சத் தூரம் ஓடியதும் வீல் அலைன்மெண்ட் பார்த்துவிட்டு, கொட்டர்பின்கள் எல்லாவற்றையும் இன்னொரு முறை சரிபாருங்கள்.