இரா.செழியன்: நேரில் பார்த்தவர்களும் படித்து அறிந்தவர்களும்

சென்னை, வழக்கறிஞர்

நெருக்கடி நிலைக் காலக் கைதுகள் பற்றி ஒரு குறிப்பு எழுத வேண்டியிருந்தது. அந்தக் காலத்து அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கையைத் தேடினேன். யாரைக் கேட்டாலும் மேற்கோள்தான் கிடைத்தது, அறிக்கை கிடைக்கவில்லை. கடைசியில் என் சீனியர் தம் அலமாரியிலிருந்து ஒரு கனத்த ஆங்கிலப் புத்தகத்தை எடுத்துத் தந்தார். 2010இல் சென்னை ஆழி பதிப்பகம் வெளியிட்டது, தொகுத்தவர் முன்னாள் எம்.பி. இரா.செழியன்.

முன்னாள் தலைமை நீதிபதி ஜே.சி.ஷா 1978இல் மூன்று பகுதிகளாக அளித்த அறிக்கை அது. 1980இல் இந்திரா காந்தி மீண்டும் பிரதமரானபின் பிரதிகள் புழக்கத்திலிருந்து மறைந்தன. செழியன் தம்மிடமிருந்த பிரதியைக் காப்பாற்றி வைத்து, எண்பது வயதைக் கடந்தபின் அச்சில் ஏற்றினார். விசாரணையின்றிச் சிறையில் அடைத்தது, டெல்லி துர்க்மான் கேட்டில் வீடுகளை இடித்தது, கட்டாயக் கருத்தடை என்று ஒவ்வொன்றுக்கும் உத்தரவிட்டது யார், தட்டிக் கேட்காமல் கையெழுத்திட்டது யார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. இரண்டு இரவுகள் தூக்கமில்லை. ஓர் அரசு மறைய விட்டதை ஒரு தனிமனிதர் மீட்டுத் தந்தார் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம்.

கும்பகோணம்

1967, 1971 இரண்டு தேர்தல்களிலும் எங்கள் தொகுதி எம்.பி. செழியன்தான். அதற்கு முன் 1962இல் பெரம்பலூரில் வென்றவர். பிறந்தது திருக்கண்ணபுரம், நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி. அப்பா அவர் கூட்டங்களுக்குத் தவறாமல் போவார். அடுக்குமொழியை எதிர்பார்த்துப் போனவர்களுக்குக் கணக்கும் சட்டமும்தான் கிடைக்கும் என்பார். அப்பாவுக்கு அதுவே பிடித்திருந்தது.

ஓய்வுபெற்ற தணிக்கை அலுவலர்

மேலே சொன்ன அந்தக் கணக்கைப் பற்றித்தான் நானும் சொல்ல வந்தேன். 1971 முதல் இரண்டு ஆண்டுகள் அவர் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். தணிக்கை அறிக்கையில் நாங்கள் எழுதும் ஒவ்வொரு பத்தியையும் கையில் வைத்துக்கொண்டு, துறைச் செயலாளர்களை நேரில் அழைத்துக் கேள்வி கேட்கும் குழு அது. கேமரா கிடையாது, கைதட்டல் கிடையாது. முந்தைய ஆண்டுக் கோப்புகளைப் படித்துவிட்டு வராத உறுப்பினரால் அங்கே ஒரு கேள்வியும் உருப்படியாகக் கேட்க முடியாது. பணியில் சேர்ந்த புதிதில் அந்தக் காலத்துக் குழு அறிக்கைகளைப் படிக்கச் சொல்லித்தான் எங்களுக்குப் பயிற்சி தந்தார்கள்.

பல ஆண்டுகள் கழித்துச் சென்னையில் ஒரு கூட்டத்தில் அவரைப் பார்த்தேன். வணக்கம் சொல்லி, தணிக்கைத் துறை என்றேன். உடனே உட்காரச் சொல்லிவிட்டார். அரை மணி நேரம் பேச்சு முழுவதும் என் வேலையைப் பற்றித்தான். தம்மைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1978 முதல் 1984 வரை மாநிலங்களவையிலும் இருந்தார். 2017 ஜூனில் வேலூரில் காலமானார்.

மக்களவை விவாதங்கள் இப்போது இணையத்தில் கிடைக்கின்றன. 1962 முதல் 1977 வரையிலான விவாதத் தொகுப்புகளில் அவர் பெயரைத் தேடிப் பாருங்கள். நிதிநிலை அறிக்கை விவாதங்களிலிருந்து தொடங்கலாம்.