11.75 டிகிரியில் ரேடார் ஆல்டிமீட்டர் காற்று: நடக்குமா நடக்காதா?

லாஸ்பேட்டை ரன்வே:
புயல் இழையில ஒரு மேதை எழுதியிருக்கார்: "கடலூர்லேர்ந்து அந்தமான் பக்கம் விமானம் பறந்தா போதும், ரேடார் ஆல்டிமீட்டரே (கீழே அலை அனுப்பி உயரம் அளக்குற கருவி) வழி நெடுக காத்தைச் சொல்லிடும். பலூனே வேணாம்." சார், கடலூர் 11.75 டிகிரி அட்சரேகை. உயர வித்தியாசத்துலேர்ந்து காத்தைக் கணக்குப் போடுற சூத்திரத்துல அட்சரேகையோட சைனால வகுக்கணும், பூமி சுழற்சி காத்தைத் திருப்புற விசை அதைப் பொறுத்தது. சைன் போட்டுப் பாத்தீங்களா?

சில்வர் பீச்:
எழுதினது நான்தான், ஒளிய மாட்டேன். காத்தழுத்தத்தை வச்சு உயரம் காட்டுற அழுத்த ஆல்டிமீட்டரை 1013.25-ல (கடல்மட்டத் தர அழுத்தம்) வச்சு 700 ஹெக்டோபாஸ்கல் மட்டத்துலயே பறங்க. கடலுக்கு மேல ரேடார் காட்டுற உயரத்துலேர்ந்து அதைக் கழிங்க. 100 கி.மீ. தள்ளி மறுபடி கழிங்க. வித்தியாசத்துலேர்ந்து குறுக்குக் காத்து வந்துடும். இரண்டாம் உலகப் போர்லயே நேவிகேட்டருங்க செஞ்சது.

லாஸ்பேட்டை ரன்வே:
செஞ்சாங்க, வட அட்லாண்டிக்ல! 45 டிகிரியில 100 கி.மீ.க்கு 10 மீட்டர் வித்தியாசம்னா நொடிக்கு 9.5 மீட்டர் காத்து. அதே 10 மீட்டர் 11.75-ல 33 மீட்டர் காத்து. அளவுல 3 மீட்டர் பிசகினா நொடிக்கு 10 மீட்டர் பொய்க் காத்து. ஸ்டேட்டிக் துளை (விமானத்துல வெளிக் காத்தழுத்தத்தை எடுக்குற துளை) 1 ஹெக்டோபாஸ்கல் தப்பாக் காட்டினா அந்த உயரத்துல 12 மீட்டர் கிட்ட போச்சு.

சில்வர் பீச்:
ரெண்டு இடத்துலயும் அதே பிசகுதானே, கழிபட்டுடும். இதுகூடத் தெரியாம ரன்வேன்னு பேரு.

லாஸ்பேட்டை ரன்வே:
வேகம் மாறினா, எரிபொருள் குறைஞ்சு மூக்குக் கோணம் மாறினா, பிசகும் மாறும். எங்க கழிபடும்? 11.75. பதில் சொல்லுங்க.

முதுநகர் மோகன்:
எந்த ஆல்டிமீட்டர்பா? பயணிகள் விமானத்துல இருக்கிற 4.2–4.4 கிகாஹெர்ட்ஸ் பெட்டி 2,500 அடிக்கு மேல ஒண்ணும் காட்டாது. 700 மட்டம் 10,000 அடி.

சில்வர் பீச்:
பயணிகள் விமானம்னு யார் சொன்னா? நீண்ட தூரப் பல்ஸ் கருவி வேணும். புயலுக்குள்ள போற அமெரிக்க விமானங்கள்ல இருக்கு. தானே புயல் வந்தப்போ அப்படி ஒண்ணு நம்மகிட்ட இருந்திருந்தா...

லாஸ்பேட்டை ரன்வே:
புயலா? மையத்துலேர்ந்து 50 கி.மீ., காத்து நொடிக்கு 30 மீட்டர்னு வைங்க. அழுத்த மட்டம் 10 கி.மீ.க்கு 19 மீட்டர் சரியும். காத்து மையத்தை வட்டமாச் சுத்துறதை விட்டுட்டு உங்க சூத்திரத்துல போட்டா நொடிக்கு 630 மீட்டர் வரும். ஒலியையே முந்திடுச்சு, வாழ்த்துகள்.

சில்வர் பீச்:
புயல்ல ரேடார் உயரத்தை வச்சு மைய அழுத்தம் கணக்கிடுறாங்களே, அதுக்கு சைனே தேவையில்ல. அதுக்கு என்ன சொல்றீங்க?

லாஸ்பேட்டை ரன்வே:
நீங்க எழுதினது காத்து. அழுத்தம்னு பேச்சை மாத்தாதீங்க. 11.75.

முதுநகர் மோகன்:
தானேன்னதும் ஞாபகம் வருது. புதுச்சேரிக்காரங்க அதை அவங்க புயல்னு இன்னும் சொல்றாங்க. 2011 டிசம்பர் 30, கரை கடந்தது கடலூர், புதுச்சேரி ரெண்டு ஊருக்கும் நடுவுல. பண்ருட்டி முந்திரி போனது யாருக்கு?

லாஸ்பேட்டை ரன்வே:
எங்க ஊர்ல மரம் சாயலையா? மின்கம்பம் விழலையா? முந்திரிக் கணக்கைக் கடலூர் இழையில வச்சுக்குங்க.

சில்வர் பீச்:
ஆரம்பிச்சிட்டாரு. மைய அழுத்தத்துக்கு இன்னும் பதில் வரலை.

லாஸ்பேட்டை ரன்வே:
நேர்க்கோட்டுல பறந்தா குறுக்குப் பாகம் மட்டும்தான் கிடைக்கும், மீதிக்கு மடங்கி இன்னொரு திசையில பறக்கணும். அதையாவது எழுதினீங்களா? அப்புறம் 11.75...

முதுநகர் மோகன்:
சரி, கம்பம் எத்தனை விழுந்துச்சுன்னு மொதல்ல சொல்லுங்க.