நோமோஸ் டாங்கெண்டே: நிலைக்கு நிலை வேகம் மாறுது, சர்வீஸ் தேவையா?

நொடிமுள்:
வணக்கம். நோமோஸ் டாங்கெண்டே, 35 மி.மீ., உள்ளே ஆல்ஃபா மூவ்மென்ட் (வாட்சை ஓட்டுற இயந்திரம்), கையால் சாவி கொடுக்கிற வகை. வாங்கி மூணு வருஷம். போன மாசம் வரைக்கும் நாளைக்கு 4, 5 நொடி முந்தும், அவ்வளவுதான். திடீர்னு நாளைக்கு ரெண்டரை நிமிஷம் முந்த ஆரம்பிச்சுது. ஒரு வாட்ச் கடையில காட்டினேன். பின்மூடியைத் திறந்து, "வேகத்தைக் குறைச்சிருக்கேன்"னு பத்து நிமிஷத்துல திருப்பிக் கொடுத்துட்டாங்க. இப்போ சில நாள் 20 நொடி முந்துது, சில நாள் ஒரு நிமிஷத்துக்கு மேல.

டைம்கிராஃபர் (டிக் சத்தத்தைக் கேட்டு வாட்சோட வேகத்தை அளக்கிற கருவி) கைவசம் இருக்கு. முழு சாவி கொடுத்து, அரை மணி நேரம் கழிச்சு, ஒவ்வொரு நிலையிலும் ஓட்டம் நிலைச்சதும் எடுத்த கணக்கு (நாளைக்கு எத்தனை நொடி முந்துது அல்லது பிந்துது; வீச்சு, அதாவது பேலன்ஸ் சக்கரம் ஆடுற கோணம்; பீட் எரர், அதாவது டிக், டாக் இடைவெளிகளோட வித்தியாசம், மில்லிநொடியில):

டயல் மேலே: +38, 288°, 0.2
டயல் கீழே: +71, 284°, 0.2
கிரவுன் (சாவி கொடுக்கிற குமிழ்) கீழே: −14, 263°, 0.3
கிரவுன் மேலே: +93, 260°, 0.3
12 மேலே: +22, 262°, 0.2
6 மேலே: +57, 261°, 0.2

லிஃப்ட் ஆங்கிளை (வீச்சைக் கணக்கிட கருவிக்குக் கொடுக்கிற கோணம்) மாத்தலை, கருவியில இருந்த 52°தான். ஆயில் காஞ்சு போச்சா? முழு சர்வீஸுக்கு அனுப்பணுமா?

முக்கால்தகடு:
சர்வீஸுக்கு அனுப்ப வேண்டாம், இப்போதைக்கு. உங்க கணக்கிலேயே பதில் இருக்கு.

முதல்ல வீச்சைப் பாருங்க. ஆயில் காஞ்சாலோ அழுக்கு சேர்ந்தாலோ முதல் அடி வீச்சுக்குத்தான் விழும். முழு சாவியில படுக்கை நிலையில 288°, நிமிர்ந்த நிலையில 260° சுமார். இந்த 25 டிகிரி இறக்கம் இயல்பு. படுத்திருக்கும்போது பேலன்ஸ் அச்சு ஒரு முனையில நிற்கும். நிமிர்ந்தா ரெண்டு முனையும் அதைத் தாங்குற கல்லோட பக்கச்சுவர்ல உரசும். லிஃப்ட் ஆங்கிள் மூணு டிகிரி தப்பா இருந்தாலும் வீச்சுதான் 16, 17 டிகிரி மாறித் தெரியும். வேகமும் பீட் எரரும் அதனால மாறாது. ஆக, சக்தி ஒழுங்கா பேலன்ஸ் வரைக்கும் போகுது.

இப்போ வேகம். +93க்கும் −14க்கும் நடுவே 107 நொடி. ஆறு நிலைகளுக்குச் சரி செய்யப்பட்ட ஒரு கிளாசூட்டே (ஜெர்மனியின் வாட்ச் ஊர்) வாட்சுல இது வரவே கூடாது. வீச்சு நல்லா இருந்து, வேகம் மட்டும் நிலைக்கு நிலை சிதறினா, ஹேர்ஸ்பிரிங்கை (பேலன்ஸோட மெல்லிய சுருள்) ஏதோ இழுக்குதுன்னு அர்த்தம். மூணு வாய்ப்பு: காந்தம் ஏறியிருக்கணும், சுருள்ல ஆயில் பட்டு ஒட்டணும், இல்ல அதிர்ச்சியிலோ கருவி பட்டோ சுருள் வளைஞ்சிருக்கணும். முதலாவதைச் சோதிக்க ஒரு சாதாரண திசைகாட்டி போதும்.

திசைகாட்டியை மரமேசையில வைங்க, பக்கத்துல இரும்பு வேண்டாம். ஊசி நின்னதும், வாட்சைக் கிழக்குப் பக்கத்துலேர்ந்து 2 செ.மீ. வரை மெதுவா கொண்டுபோங்க. பிறகு அதே தூரத்துல வாட்சைக் கொஞ்சம் கொஞ்சமா சுத்துங்க. ஊசி வாட்சுப் பக்கம் திரும்புறது மட்டும் சாட்சி ஆகாது. மெயின்ஸ்பிரிங், சாவிச் சக்கரம் எல்லாம் எஃகு, அது எப்பவும் இழுக்கும். ஒரு இடத்துல வடமுனையை இழுத்து, இன்னொரு இடத்துல தள்ளினாத்தான் காந்தம் உறுதி. போன்ல இருக்கிற திசைகாட்டி வேண்டாம். போனுக்குள்ளேயே காந்தம் இருக்கு.

நொடிமுள்:
பார்த்துட்டேன் அண்ணா. 4 மணிப் பக்கம் இழுக்குது, 10 மணிப் பக்கம் தெளிவா தள்ளுது. 10 மணிப் பக்கத்துல ஊசி நிக்காம படபடன்னு துடிக்குது. யோசிச்சுப் பார்த்தா, ராத்திரி கழட்டி வைக்கிற இடம் டேப்லெட்டோட மடிப்பு உறை. அதோட ஓரத்துல காந்தப் பட்டை இருக்கு.

முக்கால்தகடு:
அதேதான். ஊசி துடிக்கிறது பேலன்ஸோட ஆட்டம். காந்தம் ஏறிய பாகம் அங்கே ஆடிக்கிட்டிருக்கு.

நிவாராக்ஸ்ங்கிற கலவை உலோகத்துல செஞ்ச ஹேர்ஸ்பிரிங்னா காந்தமே ஏறாதுன்னு பலர் நினைக்கிறாங்க. அந்தப் பேரே ஜெர்மன்ல 'நிஹ்ட் வரியாபெல், ஆக்சிட்ஃபெஸ்ட்' என்பதன் சுருக்கம்: மாறாதது, துருப்பிடிக்காதது. வெப்பத்துக்கு மாறாது, சரி. ஆனா அது இரும்பும் நிக்கலும் கலந்த உலோகம், பலமான காந்தம் பட்டா கொஞ்சம் ஏறத்தான் செய்யும். பேலன்ஸ் அச்சும் பேலட் ஃபோர்க்கும் (பேலன்ஸுக்கு உந்துதல் கொடுக்கிற கவை) எஃகு, அதுல இன்னும் அதிகம். சுருளோட வளையங்கள் ஒன்றையொன்று இழுத்தா வேலை செய்யும் நீளம் குறையும், வாட்ச் முந்தும்.

காந்த எதிர்ப்புன்னு எழுதறதுக்கு ஜெர்மன் தரம் டிஐஎன் 8309 கேட்கிறது 4,800 ஆம்பியர்/மீட்டர், அதாவது சுமார் 6 மில்லிடெஸ்லா. உறையில இருக்கிற சின்ன காந்தத்தை ஒட்டி வைச்சா அதைத் தாண்டிடும். 5 செ.மீ. தள்ளி வைச்சா பயமில்லை. ஃபிராங்க்ஃபர்ட் சின் 856 மாதிரி வாட்சுகள் 80,000 ஆம்பியர்/மீட்டர் வரை தாங்கறது உள்ளே மூவ்மென்டைச் சுத்தி மெல்லிரும்புக் கூடு போடறதால. பின்பக்கம் கண்ணாடி வைச்சு மூவ்மென்டைக் காட்டுற வாட்சுல அந்தக் கூட்டுக்கு இடமில்லை.

காந்தம் இறக்க, டிமேக்னடைசர்னு விக்கிற சின்ன நீலப் பெட்டி போதும். 230 வோல்ட் மாடல்தானான்னு பாருங்க. வங்கி அட்டை, குவார்ட்ஸ் வாட்ச் எல்லாம் ஒரு மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

வாட்சைப் பெட்டி மேல படுக்க வைங்க. பட்டனை அழுத்துங்க. பட்டனை விடாமலேயே வாட்சை நேரா மேலே மெதுவா தூக்குங்க. மூணு நாலு நொடியில அரை மீட்டர் போகணும். அதுக்கப்புறம்தான் விரலை எடுக்கணும். மின்சாரம் நொடிக்கு 50 சுற்று திசை மாறுது, கூடவே காந்தமும். நீங்க தள்ளிப் போகப் போக அந்த மாறுதல் தேஞ்சு பூஜ்யத்துக்கு வரும். வாட்ச் பெட்டி மேல இருக்கும்போதே பட்டனை விட்டா, அந்த நொடியில எந்தப் பக்கம் காந்தம் இருந்ததோ அது அப்படியே உள்ளே தங்கிடும். பெட்டி பலிக்கலைன்னு சொல்றவங்கள்ல பெரும்பாலோர் செய்ற தப்பு இதுதான்.

படுக்கையா ஒரு தடவை, கிரவுன் மேலே பார்க்க ஒரு தடவை, 12 மேலே பார்க்க ஒரு தடவை. மூணு அச்சும் முக்கியம். நடுவுல பெட்டி சூடு ஆற ஒரு நிமிஷம் விடுங்க. வாட்ச் ஓடிக்கிட்டே இருக்கலாம்.

பழையகல்:
இடையில ஒரு கேள்வி. 1960களின் கிளாசூட்டே ஸ்பெசிமாட்டிக், 26 கல். இதே பெட்டியில வைக்கலாமா?

முக்கால்தகடு:
தாராளமா. அது மணிக்கு 18,000 அடி, டைம்கிராஃபர்ல அது சரியா வருதான்னு மட்டும் பாருங்க. அந்த வயசு மூவ்மென்டுல படுக்கையில 240° இருந்தாலே மனசு நிறையும், புது வாட்சோட ஒப்பிட வேண்டாம். 1951ல் கிளாசூட்டேயின் கம்பெனிகளை ஒன்றாக்கி அமைத்த கிழக்கு ஜெர்மனி அரசு ஆலையின் வேலை அது. கவனிச்சா இன்னும் நல்லா ஓடும். அதைவிடப் பழைய, ஒளிரும் முள் இருக்கிற வாட்சுகளைத்தான் வீட்டுல திறக்காதீங்க, அந்தப் பூச்சு ரேடியமா இருக்கலாம்.

நொடிமுள்:
மூணு அச்சுலயும் செஞ்சேன். இப்போ திசைகாட்டி எங்கேயும் தள்ளலை. ஆனா கணக்கு பயமுறுத்துது:

டயல் மேலே −104, டயல் கீழே −106, கிரவுன் கீழே −109, கிரவுன் மேலே −111, 12 மேலே −107, 6 மேலே −108. வீச்சு முன்னே மாதிரியேதான்.

முந்திக்கிட்டிருந்தது இப்போ ஒண்ணேமுக்கால் நிமிஷம் பிந்துது. பெட்டியால கெடுத்துட்டேனா?

சாவிக்காரர்:
கெடுக்கலை. இவ்வளவு நல்ல கணக்கு வந்ததுக்குச் சந்தோஷப்படுங்க. ஆறு நிலைக்கும் நடுவே 107 நொடி இருந்த சிதறல் இப்போ வெறும் 7 நொடி. ஹேர்ஸ்பிரிங் நேரா இருக்கு, சுத்தமா இருக்கு.

கடையில காந்தத்தைப் பார்க்காம ரெகுலேட்டரை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற நெம்பு) பிந்தும் பக்கம் தள்ளியிருக்காங்க. கூட்டிப் பாருங்க: முன்னே +5, காந்தம் ஏறி +150, கடையில திருப்பி +40 வாக்கில கொண்டுவந்தது. அதாவது 110 நொடி குறைச்சிருக்காங்க. காந்தம் போனதும் அந்த 110 தனியா தெரியுது. +5லேர்ந்து 110ஐக் கழிச்சா −105, உங்க டைம்கிராஃபர் சொல்றதும் கிட்டத்தட்ட அதே எண்.

வேகம் தப்பா இருக்கிற எந்த வாட்சுலயும் காந்தம் பார்க்கிறதுக்கு முன்னாடி ரெகுலேட்டரைத் தொடக் கூடாது.

நொடிமுள்:
அப்போ திரும்ப ரெகுலேட்டரை நானே திருப்பலாமா? பின்கண்ணாடி வழியா அந்தத் திருகு தெரியுது.

முக்கால்தகடு:
வேண்டாம். ஆல்ஃபாவுல இருக்கிறது ட்ரையோவிஸ் நுண்திருத்தம்; அந்தச் சின்னத் திருகு ரெகுலேட்டரை நூலளவு நகர்த்தும். பக்கத்துலயே பேலன்ஸ் ஓடிக்கிட்டிருக்கு. திருப்புளி ஒரு தடவை வழுக்கினா, இப்போ நேரா இருக்கிற சுருள் வளைஞ்சிடும்.

திறக்காமலேயே ஒண்ணு செய்யலாம். போன்ல 240 பிரேம் ஸ்லோமோஷன்ல பின்கண்ணாடி வழியா பேலன்ஸைப் படம் எடுங்க. நொடிக்கு 6 அடி, அதாவது 3 முழு ஆட்டம்; ஓர் ஆட்டத்துக்கு 80 பிரேம் கிடைக்கும். சுருள் எல்லாப் பக்கமும் சமமா விரிஞ்சு சுருங்குதா, எங்கேயாவது ரெண்டு வளையம் தொடுதான்னு பார்க்கலாம். பார்க்கிறப்போ மேல் தகட்டையும் கொஞ்சம் ரசிங்க. 1864ல் ஃபெர்டினாண்ட் அடோல்ஃப் லாங்கே முழுமைப்படுத்திய முக்கால் தகட்டு அமைப்பு அது. சக்கரங்களோட மேல் முனைகள் எல்லாம் ஒரே தகட்டுக்குள்ள இருக்கறதால இடைவெளி அசையாது. ஆனா மூடும்போது அத்தனை முனையையும் ஒரே நேரத்துல துளைகள்ல பொருத்தணும். பொறுமையில்லாத கைக்கு அது ஆகாது. அதனாலதான் யார் திறக்கிறாங்கங்கிறதுல இவ்வளவு பிடிவாதம்.

டைம்கிராஃபர் வைச்சிருக்கிற வாட்ச்மேக்கர்கிட்ட உங்க ரெண்டு அட்டவணையையும் காட்டி, நாலு விஷயம் சொல்லுங்க. பிரிச்சு சர்வீஸ் வேண்டாம், நுண்திருத்தம் மட்டும். பீட் எரர் 0.2, அதனால ஸ்டட் தாங்கியை (சுருளோட வெளிமுனையைப் பிடிக்கிற பாகம்) தொட வேண்டாம். ஒரே நிலையில பூஜ்யம் பார்க்காம ஆறு நிலையோட சராசரியை +2, +3ல நிறுத்தணும். மூடும்போது ரப்பர் வளையத்தைப் பார்த்து, தண்ணி புகாதான்னு 3 ஏடிஎம் அழுத்தச் சோதனை செய்து கொடுக்கணும். ரெண்டு தடவை திறந்த பின்மூடி இது.

நொடிமுள்:
முடிஞ்சுது. டயல் மேலே +6, டயல் கீழே +4, கிரவுன் கீழே +1, கிரவுன் மேலே −1, 12 மேலே +3, 6 மேலே +2. 24 மணி நேரம் கழிச்சு, சாவி கொடுக்காம: டயல் மேலே +8, வீச்சு 254°. அழுத்தச் சோதனையும் தேறிடுச்சு. சுருள் படத்துல எங்கேயும் தொடலை. ரெண்டு பேருக்கும் மனசார நன்றி.

சாவிக்காரர்:
அருமையான கணக்கு. தினமும் ஒரே நேரத்துல, காலையில, கிரவுன் தடுக்கிற வரை சாவி கொடுங்க. விட்டதும் கிரவுன் கொஞ்சம் பின்னால திரும்பினா அது இயல்பு. பகல்ல முந்தினா ராத்திரி கிரவுன் மேலே பார்க்க நிறுத்தி வைங்க, ஒண்ணு ரெண்டு நொடி திரும்பக் கிடைக்கும். நிறுத்தி வைக்கிற இடம் மரத்தட்டா இருக்கட்டும், டேப்லெட் வேற அறையில.