மறு: ரீடு வால்வு – ‘நாணல் தடுக்கிதழ்’ வேண்டாம், ‘நாக்கு வால்வு’ போதும்

குழுவினருக்கு வணக்கம். டூ ஸ்ட்ரோக் இஞ்சினுக்குள் பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையை விட்டு, அது திரும்பி வராமல் தடுக்கும் தகட்டுக் கதவுதான் ரீடு வால்வு. நம் கலைச்சொல் பட்டியலில் அதை ‘நாணல் தடுக்கிதழ்’ என்று எழுதலாம் என்ற யோசனைக்கு இது என் பதில்.

> ரீடு என்றால் நாணல். வால்வுக்குத் தடுக்கிதழ் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. இரண்டையும் சேர்த்தால் சொல் கிடைத்துவிடுகிறதே.

சொல் கிடைக்கிறது, பொருள் கிடைக்கவில்லை. அந்த உறுப்பில் நாணல் எங்கும் இல்லை. மெல்லிய எஃகுத் தகடோ, கண்ணாடியிழைத் தகடோ, கார்பன் இழைத் தகடோதான் இருக்கிறது. நாணல் என்று படிக்கிற ஐ.டி.ஐ. மாணவனுக்கு ஆற்றங்கரைதான் நினைவுக்கு வரும்.

இந்த உறுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. குளச்சல் பக்கம் வள்ளங்களின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு மோட்டார் பார்க்கும் பட்டறை ஒன்றில் இப்போது ஒரு பழைய யமஹா சூப்பர்ஜெட் இறங்கியிருக்கிறது. தண்ணீரில் நின்றுகொண்டே ஓட்டும் ஜெட் ஸ்கீ. 701 சிசி, இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக். 1990இல் இந்த வண்டி 633 சிசியோடு வந்தது, பிறகுதான் 701 ஆனது. 2021இல் ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு மாறிவிட்டார்கள். பழையதை வைத்திருப்பவர்கள் அதை விடாமல் இறக்கி ஏற்றி ஓட்டுகிறார்கள். அவுட்போர்டு தெரிந்த கைக்கு இந்த இஞ்சின் புதிதல்ல. இரண்டும் டூ ஸ்ட்ரோக், இரண்டிலும் ரீடு உண்டு, இரண்டுக்கும் உப்புத் தண்ணீர்தான் எமன்.

சிலிண்டரில் கோடு விழுந்திருந்ததால் 81 மில்லிமீட்டர் போரை (உள்விட்டத்தை) 81.50 ஆக்கி, அதற்கேற்ற பிஸ்டனும் ரிங்கும் போட்டார்கள். சிலிண்டரின் உட்சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங்கும் சுத்தம். கிராங்க் சீல் இரண்டும் புதிது. கசிவுச் சோதனையிலும் காற்று நின்றது. ஆனாலும் வண்டி எடுக்கவில்லை. எடுத்தாலும் கார்புரேட்டர் வாய் வழியே பெட்ரோலைத் திருப்பித் துப்பியது. பட்டறைக்கார அண்ணன் உடனே இன்டேக்கைக் கழற்றி, தகடுகள் உட்காரும் சட்டமான ரீடு கூட்டை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மூடியிருக்க வேண்டிய தகடுகளில் இரண்டின் நுனியில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தது. ஒன்றின் ஓரம் நார் நாராகப் பிரிந்திருந்தது. “இது வாய மூடலேன்னா நீங்க என்ன பிஸ்டன் போட்டாலும் எடுக்காது, பாத்துக்கிடுங்க” என்றார். பொதுவாக அந்த இடைவெளி 0.2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

நடப்பது இதுதான். பிஸ்டன் மேலே ஏறும்போது கீழே கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் அறையில் அழுத்தம் குறைகிறது. தகடு விலகி வழிவிட, கார்புரேட்டரிலிருந்து கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் இறங்கினால் அழுத்தம் கூடித் தகடு மூடிக்கொள்கிறது, கலவைக்குச் சிலிண்டரைத் தவிர வேறு வழியில்லை. கொல்லன் துருத்தி காற்றை உள்ளே வாங்கி ஊதுவதும் இதே முறைதான். நிமிடத்துக்கு 6000 சுற்று ஓடும் இஞ்சினில் அந்தத் தகடு நொடிக்கு 100 தடவை திறந்து மூட வேண்டும். ஒரு முனை திருகில் இறுகியிருக்கும், மறுமுனை சும்மா நிற்கும். அந்தச் சும்மா நிற்கும் முனைதான் எல்லா வேலையையும் செய்கிறது.

ஆகவே சொல்லும் அந்த முனையைக் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. ‘நாக்கு வால்வு’ அதைக் காட்டுகிறது. ஒரு பக்கம் பிடித்திருக்க மறுபக்கம் அசைவதைத் தமிழில் நா என்றும் நாக்கு என்றும்தான் சொல்கிறோம். மணிக்கு நாக்கு உண்டு, துலாக்கோலுக்கு நா உண்டு. பட்டறையிலும் வாய்க்கு வரும்: ‘நாக்கு ஒடிஞ்சிட்டு’, ‘நாக்கு உக்காரல’.

> ‘சீவாளி வால்வு’ எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆங்கிலத்திலும் இசைக்கருவியின் சொல்தானே இயந்திரத்துக்கு வந்தது?

அழகுதான். எனக்கும் முதலில் மனம் அங்கேதான் போனது. ஆனால் நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி அதிர்ந்து ஒலி எழுப்புவதற்காக இருப்பது. இஞ்சினில் இருப்பது கதவு வேலை. அது ஒழுங்காக மூடுகிறதா என்றுதான் மெக்கானிக் பார்க்கிறார், அதிர்கிறதா என்று பார்ப்பதில்லை. சீவாளியை நாகசுரத்துக்கே விட்டுவிடுவோம்.

அப்புறம் ‘தடுக்கிதழ்’. இதயத்தின் ஈரிதழ், மூவிதழ் வால்வுகளில் உண்மையிலேயே இதழ் இருக்கிறது, அங்கே சரி. ஆனால் சீ-டூ என்ற இன்னொரு நிறுவனப் பெயரில் வந்த பழைய ஜெட் ஸ்கீ வண்டிகளில் பலவற்றின் ரோட்டாக்ஸ் இஞ்சினில் ரீடே கிடையாது. ஓரத்தில் வெட்டு விட்ட ஒரு வட்டத் தட்டு கிராங்கோடு சுழன்று வழியைத் திறந்து மூடும். அதை ‘சுழல் தடுக்கிதழ்’ என்று எழுதினால் இல்லாத இதழைத் தேட வேண்டிவரும். பொதுச்சொல்லாக வால்வு இருக்கட்டும், வகையைத் தமிழில் சொல்வோம்: நாக்கு வால்வு, சுழல்தட்டு வால்வு. தமிழ்ச்சொல்லை முன்னால் வைத்து வால்வைப் பின்னால் விடுவது குறையல்ல.

மேம்படுத்தும் வேலைக்கும் இது உதவும். எஃகு நாக்கு ஒடிந்தால் துண்டு நேரே கிராங்க் அறைக்குள் போய் பேரிங்கையும் பிஸ்டனையும் தின்றுவிடும். இழை நாக்கு சிதைந்தால் அந்த அளவு சேதம் இல்லை. அதனால்தான் பலர் கார்பன் இழைக்கு மாறுகிறார்கள். ‘எஃகு நாக்கு’, ‘இழை நாக்கு’ என்று எழுதினால் கையேட்டில் விளக்கமே தேவைப்படாது. இந்த வண்டிக்கும் இழை நாக்குதான் போட்டார்கள், கூட்டின் ஓரத்தில் உரிந்திருந்த ரப்பரைப் பார்த்துக் கூட்டையும் சேர்த்து மாற்றினார்கள்.

ஆகவே பட்டியலுக்கு நான் தருவது: முழு உறுப்புக்கு நாக்கு வால்வு, தகட்டுக்கு நாக்கு, அது உட்காரும் சட்டத்துக்கு நாக்குக் கூடு. நாக்கு அளவுக்கு மேல் வளையாமல் பின்னால் நிற்கும் வளைந்த எஃகுப் பட்டைக்கு ‘நாக்குத் தடை’ என்று போட்டிருக்கிறேன். தடை என்றால் நாக்கையே அசையவிடாதது போல ஒலிக்கிறது, ‘நாக்குத் தாங்கி’ என்றால் பேரிங்குக்குச் சிலர் எழுதும் தாங்கியோடு மோதுகிறது. இதற்கு நல்ல சொல் வைத்திருப்பவர்கள் எழுதுங்கள், மற்ற மூன்றையும் இப்படியே சேர்த்துவிடலாம்.