மைன்கிராஃப்ட் சர்வர்ல பேன்: மேப் மாட் போட்டா சீட்டிங்கா?

தீப்பெட்டி:
அவசரம். மேப் காட்டற மாட் (ஆட்டத்துல கூடுதலா சேக்கற ஃபைல்) மட்டும்தான் போட்டேன், சீட்டிங்னு பேன் பண்ணிட்டாங்க. மாடும் ஹேக்கும் ஒண்ணா? திரும்ப எப்படி உள்ள போறது? யாராச்சும் சொல்லுங்க ப்ளீஸ்

ரெட்ஸ்டோன்_ராசு:
எந்தப் பதிப்பு, ஜாவாவா பெட்ராக்கா? மாட் ஓட்ட வச்சிருக்கறது ஃபேப்ரிக்கா ஃபோர்ஜா? எந்த மேப்? மாட்ஸ் ஃபோல்டர்ல இருக்கறது எல்லாத்தையும் போடுங்க ப்ரோ.

லேக்_மன்னன்:
நெட் இழுத்திருக்கும். நீங்க காத்துல மிதக்கற மாதிரி சர்வருக்குத் தோணும். சர்வர்.ப்ராப்பர்ட்டீஸ்ங்கற செட்டிங் ஃபைல்ல அலவ்-ஃப்ளைட் ஃபால்ஸ்னு இருந்தா வெளிய தள்ளிரும். ட்ரூ ஆக்கச் சொல்லுங்க.

பழைய_ஸ்டீவ்:
அது கிக், அந்த நேரத்துக்கு வெளிய தள்ளறது. அவர் கேக்கறது பேன், திரும்ப உள்ள விடாதது. பதில் போடறதுக்கு முன்னாடி கேள்வியைப் படிக்கற பழக்கம் நல்லது.

தீப்பெட்டி, மாட் போட்டதா பிரச்சினை? சர்வர் விதி என்ன, ஆட்டம் மறைக்கறதை மாட் காட்டுதா, அதுதான் விஷயம். சோடியம்னு ஒரு மாட் எஃப்பிஎஸ் (படம் ஓடற வேகம்) ஏத்தும், யாருக்கும் நஷ்டமில்ல. ஸேரோ மினிமேப்ங்கற மேப் மாட்ல என்டிட்டி ரேடார் இருக்கு. சுவருக்குப் பின்னாடி பதுங்கினவனும் புள்ளியா தெரிவான். நிலத்தடியைக் காட்டற குகை மேப்பும் அதே ரகம். பிவிபில (ஆளுக்கு ஆள் சண்டை) அது சீட்டிங்தான். இது ரெண்டும் இல்லாத ஃபேர்-ப்ளே பதிப்பு தனியா இருக்கு. பழைய மாடோட ஜார் ஃபைலைத் தூக்கிட்டு அதைப் போட்டு அட்மின்கிட்ட பேசுங்க.

ரெட்ஸ்டோன்_ராசு:
ஆனா எப்படிக் கண்டுபிடிச்சாங்க? ஃபேப்ரிக்னா மாட் லிஸ்ட் முழுசா சர்வருக்குப் போகாது. நேரா வைரத்துக்கே தோண்டிட்டுப் போனீங்களா? சர்வர்ல கோர்புரொடெக்ட்னு பதிவு வைக்கற ப்ளகின் இருந்தா யார் எந்த பிளாக்கை எப்ப உடைச்சாங்கன்னு வந்துரும்.

குகைவாசி:
கல்லுக்குள்ள இருக்கற தாதுவைக் காட்டற எக்ஸ்ரேவாவே இருக்கட்டும், தாது எங்க இருக்குன்னு கிளையன்ட்டுக்கு (நம்ம கம்ப்யூட்டர்ல ஓடற ஆட்டம்) அனுப்பறதே சர்வர்தானே? பேப்பர்ங்கற சர்வர் சாஃப்ட்வேர்ல அதைத் தடுக்கற ஆன்டி-எக்ஸ்ரே தானா ஆன் ஆகாது, அட்மின்தான் ட்ரூ பண்ணணும். எஞ்சின்-மோட் 1-ல தாது கல்லா தெரியும். 2-ல எங்க பாத்தாலும் போலித் தாது, டேட்டா கொஞ்சம் கூட இழுக்கும்.

பழைய_ஸ்டீவ்:
கதவு திறந்திருந்தா உள்ள போய் எடுத்துக்கலாமோ? குகைச் சுவர்ல காத்துப் படற தாது எந்த மோட்லயும் மறையாது, அதையும் சேத்துச் சொல்லுங்க.

குகைவாசி:
சரி, காமா (ஆட்டத்தோட வெளிச்ச செட்டிங்) ஏத்தி இருட்டுல பாக்கறவன்? அவனும் மறைச்சதைத்தான் பாக்கறான்.

பழைய_ஸ்டீவ்:
பிவிபின்னா அவனுக்கும் பேன்தான்.

குகைவாசி:
மானிட்டர் பிரைட்னஸ் ஏத்தினவனுக்கு?

லேக்_மன்னன்:
அலவ்-ஃப்ளைட் பாத்தாச்சா?

தீப்பெட்டி:
ஃபேர்-ப்ளே போட்டேன், அன்பேன் ஆயிருச்சு. தேங்க்ஸ். ஆனா இப்ப மேப்பே வரல??

ரெட்ஸ்டோன்_ராசு:
நீங்க சேர்ந்ததும் சர்வர் சாட்ல கண்ணுக்குத் தெரியாத நிறக் குறியீடு ஒண்ணை அனுப்பலாம். ஸேரோ அதைப் படிச்சு மினிமேப்பை அணைச்சிரும். ஃபேர்-ப்ளேக்குன்னும் தனிக் குறியீடு இருக்கு, உங்க அட்மின் எதைப் போட்டிருக்கார்னு கேளுங்க. அதுவரைக்கும் எஃப்3 அழுத்தினா நீங்க நிக்கற இடத்தோட எக்ஸ், ஒய், இசட் தெரியும். மாட்ஸ் லிஸ்ட் இன்னும் வரல.