புதுப்பிப்பு: மைக்ரோவேவில் மீ கோரெங், இந்த முறை சரியாக வந்தது

இண்டோமி மீ கோரெங் என்ற இந்தோனேசிய உடனடி நூடுல்ஸை மைக்ரோவேவில் வைத்தேன், தண்ணீர் பொங்கி வழிந்து, நூடுல்ஸும் கொழகொழவென்று ஆகிவிட்டது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். ஆழமான கிண்ணம் எடுக்கச் சொன்னீர்கள். அதுதான் விஷயமே. நன்றி!

நேற்று இரவு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் நூடுல்ஸ் கட்டியை உடைக்காமல் போட்டு, மூழ்கும் அளவு கொதிநீர் ஊற்றி, மூடாமல் 2 நிமிடம் வைத்தேன். புரட்டிவிட்டு இன்னும் 1 நிமிடம். ஒரு சொட்டுகூட வழியவில்லை.

சூப் இல்லாத வகை என்பதால் ருசி முழுக்கத் தண்ணீர் வடிப்பதில்தான் இருக்கிறது. வடிக்காமல் விட்டால் மசாலா கரைந்து சப்பென்று ஆகிவிடும். ஒட்ட வடித்தாலோ தூள் திட்டுத்திட்டாக நிற்கிறது. நான் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீரை அடியில் விட்டேன். அப்புறம் தட்டில் தூள், எண்ணெய், மிளகாய், கெச்சாப் மானிஸ் என்ற இனிப்பு சோயா சாஸ் எல்லாவற்றையும் முதலில் குழைத்துக்கொண்டு, நூடுல்ஸைச் சூட்டோடு அதில் போட்டுப் பிரட்டினேன். இழை இழையாகப் பழுப்பு நிறத்தில் பளபளவென்று வந்தது பாருங்கள், அவ்வளவு சந்தோஷம்! வறுத்த வெங்காயம் கடைசியில்தான். முன்பே போட்டால் நமுத்துவிடும்.

மசாலா உறைகளை மட்டும் கிண்ணத்தோடு உள்ளே வைத்துவிடாதீர்கள். உள்பக்கம் உலோகப் பூச்சு இருந்தால் தீப்பொறி பறக்கும்.